அரைப் பேர்

பஸ்ஸ விட்டு எறங்குன நேரத்துல இருந்து அந்த மனுசன் வலது கைய சட்டப் பையிலயே வச்சிருந்தாரு. உள்ள இருந்தது வெறும் அடையாள அட்டதான், பறந்து போறதுக்கு அது என்னா கோழிக்குஞ்சா. ஆனாலும் அமுக்கிப் புடிச்சிருந்தாரு. எழுவதத் தொடப் போற ஆளு, முன்வாயில மூணு பல்லு இல்ல, தாடி தொப்புளத் தேடிப் போகுது, கண்ணாடி ஒரு காதுல நூலு கட்டித் தொங்குது, இந்த லெச்சணத்துல நம்மள எவன் அடையாளம் காணப்போறான்னு பஸ்ஸுக்குள்ள இருந்த வரைக்கும் தைரியமாத்தான் இருந்தாரு. எறங்குனா முக்குல ஒரு போலீஸ்காரன். தைரியம் வந்த பஸ்ஸுலயே திரும்ப ஏறிப் போயிருச்சு. பாவம் அந்தப் போலீஸ்காரன், மேட்டுல நடக்குற நெனவுநாள் கூட்டத்துக்குப் பாதுகாப்புன்னு விட்டிருக்காங்க, போன்ல எதையோ தடவிக்கிட்டு நிக்கிறான், இவரு பயந்து ஓடுன நாளையில அவங்கப்பனுக்கே மீச மொளச்சிருக்காது. அதெல்லாம் புத்திக்குத் தெரியுது, முட்டிக்குத் தெரியல. அவன் கையில இருக்குறது போனா காயிதமான்னு ரெண்டு வாட்டி திரும்பிப் பாத்துக்கிட்டாரு. போன வச்சிருந்தாப் பரவால்ல. காயிதம் வச்சிருந்தாத்தான் கஷ்டம், காயிதத்துல பேரு இருக்கும். பையில இருக்குற அட்டையில அங்கமுத்துன்னு எழுதியிருக்கு. இவரு அங்கமுத்து இல்ல. இவரு சன்னாசி. சன்னாசிங்குற பேரு, அந்தா தேயில மேட்டுல மால போட்டு நிக்கிதே கருங்கல்லு, அதுல வெட்டியிருக்கு, செத்துப் போன நாலு பேருல நாலாவதா. போன வருசம் வட மடிச்சுக் குடுத்த பேப்பர்ல அந்தக் கல்லு படம் வந்திருந்துச்சு. எண்ணெ ஊறுன எடத்துல எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிச்சாரு, ச, ன், னா, சி. வட தொண்டையிலயே நின்னுருச்சு. தம் பேரு செத்துப் போயி நாப்பத்தாறு வருசம், அதுக்குக் கல்லு வச்சிருக்காங்க, அது தெரியாம ஒருத்தன் உளுந்து வட தின்னுக்கிட்டு இருக்கான்.

மேட்டுல ஏறிப்போனா பந்தல், பிளாஸ்டிக் நாக்காலி, எளந்தாரிப் புள்ளைங்க தேத்தண்ணி குடுத்துக்கிட்டுத் திரியுதுங்க. வழி இப்ப சிமிந்தி போட்டுட்டாங்க, ஆனா மண்ணு மணமும் கொழுந்து மணமும் அதே மணந்தான், மூக்குல ஏறுனதும் வயிறு கலங்குது, அன்னைக்கும் வயிறுதான் கலங்குச்சு, சை, அத இப்ப நெனக்கக் கூடாதுன்னு காலடிய எண்ணிக்கிட்டே நடந்தாரு. வாசல்ல ஒரு டீச்சரம்மா, சுதர்சினின்னு நெஞ்சுல பேரு குத்தியிருக்கு, ஆளாளுக்கு ஒரு சாமந்திப் பூவக் குடுத்துட்டு நோட்டுல பேரெழுதிக்கிட்டு இருந்துச்சு. நோட்டப் பாத்ததும் திரும்பிறலாமான்னு பாத்தாரு, பின்னாடி ஆளு நிக்கிது. எந்த ஊருன்னுச்சு, வன்னிப் பக்கம்னாரு. இங்க யாராச்சும் சொந்தமான்னுச்சு, இல்லம்மா சும்மா பாக்க வந்தேன்னாரு, சும்மா பாக்க எவனாச்சும் ஏழு மணிநேரம் பஸ்ஸுல வருவானா. பேருன்னுச்சு. வாயி தன்னால சொல்லிருச்சு, அங்கமுத்துன்னு. நாப்பத்தாறு வருசமாச் சொல்ற வாயி, அதுக்கென்னா கூச்சம். அப்பத்தான் மொத வரிசையில உக்காந்திருந்த ஒரு கெழவி வெடுக்குனு திரும்புச்சு. கண்ணுல பூ விழுந்து வெள்ளையா இருக்கு, பார்வ ஆளு மேல நிக்காம ஆளுக்குப் பக்கத்துல நிக்கிது. "அந்தப் பேர்ல எந்த ஆளு"ன்னுச்சு. கொரல் கேட்டதும் இவருக்கு உள்ளங்காலு ரெண்டும் சில்லுன்னு ஆயிப்போச்சு. காத்தாயி. அங்கமுத்து பொண்டாட்டி. உசுரோட இருக்கு. இந்த நாப்பத்தாறு வருசத்துல இவரு பயந்து பயந்து நெனச்ச ஒவ்வொரு நெனப்புலயும் அவ இருவது வயசாவே இருந்தா, வாயில வெத்தலையும் கையில கொழுந்துக் கூடையுமா. இதுக்குக் கெழவியாகவும் தெரியும்னு இவரு நெனச்சே பாக்கல. தொண்டையக் கரகரன்னு மாத்திக்கிட்டு, கெணத்துக்குள்ள இருந்து பேசுறாப்ல, "வன்னி அங்கமுத்துங்க, நீங்க நெனக்கிற ஆளு இல்ல"ன்னாரு. "நான் எந்த ஆள நெனச்சேன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் பெரியவரே"ன்னு கேட்டுட்டு அது சிரிச்சுச்சு. "அந்தப் பேருக்காரன் எவனும் ஒரு எடத்துல ஒழுங்கா நின்னதில்ல. உக்காருங்க, ஓடிறாதீங்க."

உக்காந்தாரு. எங்க, அதுக்கு நேர்ப் பின்னாடி நாக்காலிதான் காலியாக் கெடந்துச்சு. டீச்சரு குனிஞ்சு மெல்ல சொல்லுச்சு, கோவிச்சுக்காதீங்க தாத்தா, அந்தம்மா அப்பிடித்தான், அவுங்க வீட்டுக்காரரு துப்பாக்கிச் சூடு விழுந்த அன்னைக்கு அவுங்கள அம்போன்னு விட்டுட்டு இந்தியாவுக்கோ எங்கயோ ஓடிப்போயிட்டாரு, தோட்டமே அவுங்கள ஓடுனவன் பொண்டாட்டின்னுதான் கூப்புடும், இருந்தும் நாலு பேருக்கும் வருசா வருசம் மொதப் பூ அவுங்கதான் வைப்பாங்கன்னு. தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு. கையில சாமந்தி நசுங்கிப் போச்சு. ஓடுனவன் பொண்டாட்டி. ஓடுனவன் நானு, பேரு அவனுக்கு, ஏச்சு அவளுக்கு, பங்கு பிரிச்சது ரொம்ப நல்லாருக்கு. முன்னாடி காத்தாயியோட பொடனி தெரியுது, சுருங்கி, ஒரு வெள்ளக் கொண்டையோட. அந்தப் பொடனி திரும்பிருமோன்னு பயம், திரும்பாமலே இருந்துருமோன்னு அதுக்கு மேல பயம். எந்திரிச்சுப் போயிறலாம், ஒண்ணுக்கு வருதுன்னா யாரு தடுக்கப் போறா, பஸ்ஸு பன்னெண்டு மணிக்கு. எந்திரிக்க வரல. இந்த ஒடம்புக்கு ஒரு வியாதி உண்டு, எந்திரிக்க வேண்டிய நேரத்துல எந்திரிக்காது. அன்னைக்கும் எந்திரிக்கல. கீழ பேரு கூப்புட்ட களத்துக்கு மூணு எட்டுத்தான். சரி, மூணு எட்டு இருக்காது, ஒரு இருவது எட்டு இருக்கும், எறக்கம், ஓடி வந்தா மூணு எட்டுத்தான். திரும்பத் திரும்ப அளந்து பாக்குறாரு, வன்னியில வேலி போடும்போதும் அளந்து பாத்தாரு, ஷெல்லு விழுந்து பங்கருக்குள்ள படுத்துக் கெடக்கும்போதும் அளந்து பாத்தாரு, இருவதுக்கு மேல ஒருக்காலும் போகல. ஷெல்லுக்குக் கூட அவரு அவ்வளவு பயந்ததில்ல. ஷெல்லுக்கு யாரு பேரும் தெரியாது, அது கூப்புடாம வரும். அகதி மொகாமுல மைக்குல பேரு கூப்புட்டாங்க பாருங்க, அப்பத்தான் சாரம் நனஞ்சுச்சு. அங்கமுத்துன்னு மைக்குல வரும், இருக்கேன்னு சொல்வாரு, சொன்ன பெறகு ஒரு நிமிசம் காதக் குடுத்துக் காத்துக்கிட்டு இருப்பாரு, எங்கயாச்சும் வெடிச்சத்தம் கேக்குதான்னு.

அந்தக் காலத்துச் சன்னாசியப் பாத்தவங்க இந்தச் சன்னாசிய நம்ப மாட்டாங்க. தோட்டத்துலயே பெரிய வாயாடி. யாரு கொரல் வேணும், கேளு, தருவான். கணக்கப்புள்ள இருமுற மாதிரி இருமுனா கணக்கப்புள்ள பொண்டாட்டியே கசாயத்த எடுத்துக்கிட்டு வருவா. பஞ்சத்து வருசம் அது, ரொட்டி மாவு இல்ல, சனங்க காட்டுக் கெழங்கத் தோண்டித் தின்னுக்கிட்டு கெடந்த நேரம், தோட்டத்துக் காணிய வெட்டி வெளியாளுகளுக்குக் குடுக்கப் போறாங்கன்னு அளக்குறதுக்குச் சங்கிலியோட ஆளு வந்துட்டாங்க. சனம் போயி மறிச்சு நின்னுச்சு, சண்ட, கெஞ்சல், ஒண்ணும் நடக்கல. நம்ம சன்னாசி என்னா பண்ணுனான், மூடுபனிக்குள்ள தேயிலைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு தொர கொரல்ல ஒரு அதட்டுப் போட்டான், அளந்தது போதும், சாமான எடுத்துக்கிட்டு எறங்குங்கன்னு. எறங்கிட்டாங்க. சங்கிலியச் சுருட்டி, குடைய மடக்கி, யெஸ் சார்னு பனியப் பாத்து சலாம் வச்சுட்டு எறங்கிட்டாங்க. மூணு நாளு லயத்து வீடுகள்ல சிரிப்பு, பசிச்ச வயித்தோட சனம் உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. நாலாவது நாளு போலீசு காயிதத்தோட வந்துச்சு. மறிச்சு நின்ன மூணு பேரு பேரும் அதுல இருந்துச்சு, சடையன், லெச்சாயி, ராக்கப்பன். நாலாவதா கொரல் குடுத்தவன் பேரு. அந்தச் சிரிப்ப மட்டும் அடக்கியிருந்தா, வாய மட்டும் மூடிக்கிட்டு இருந்திருந்தா, நாலு மூணாயிருக்கும், நாலாவதுக்கு எடமே இருந்திருக்காது. இந்த நெனப்பு வந்ததும் பல்லு இல்லாத வாய அவரு கையால பொத்திக்கிட்டாரு, பக்கத்து நாக்காலி ஆளு வாந்தி வருதான்னு கேட்டான்.

அரைப் பேருதான் எல்லாத்துக்கும் மூலம். தோட்டத்துல பேருன்னா ஒரு நாளு வேல. விடியக்கால பெரட்டுக் களத்துல எல்லாரும் வரிசையா நிக்கணும், கணக்கப்புள்ள பேரு கூப்புடுவாரு, இருக்கேன்னு சொல்லணும், சொன்னாத்தான் பேரு விழும். ஒழுங்கா வேல செஞ்சா முழுப் பேரு, கொழுந்து கொறஞ்சா அரைப் பேரு. அங்கமுத்துக்கு அரையும் இல்ல, கணக்கப்புள்ளய எதுத்துப் பேசுனான்னு பேர வெட்டிட்டாங்க. மச்சான், எம் பேரு இருக்குடா, ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம்னு சன்னாசிதான் சொன்னது. ரெண்டு பேரும் ஒரே ஒசரம், ஒரே ஒல்லி. சன்னாசியோட மஞ்சச் சட்ட ஒண்ணு, முதுகுல செவப்பு ஒட்டுப் போட்டது, தோட்டத்துக்கே தெரியும். அங்கமுத்து வெறும் மேலோட வருவான், அந்தச் சட்டைய மாட்டிக்குவான், சன்னாசி கம்பளிய சுத்திக்கிட்டு மேல தேயிலைக்குள்ள தூங்கப் போயிருவான். கொரலையும் சொல்லிக் குடுத்தாச்சு, ஒரு மாசம் ஒக்காந்து சொல்லிக் குடுத்தான், மூக்கால இழுத்து, கடைசில ஒரு கேலி வச்சு, இருக்கேஏஏன்னு. கணக்கப்புள்ளைக்கு அத்துப்படியான கொரலு. பனியில மூஞ்சி தெரியாது, சட்டயும் கொரலும் போதும் ஆளுக்கு. இந்த வித்த அவுங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும், காத்தாயிக்குக் கூடச் சொல்லல, அவ வாயி ஊரு வாயின்னு அங்கமுத்து சொன்னான். அன்னைக்கும் அப்பிடித்தான். காட்டுக் கெழங்கு சேராம சன்னாசிக்கு வயித்தால போயிருச்சு, களத்துக்கு மேல தேயிலைக்குள்ள சாரத்தத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தான். கீழ பனி. பனிக்குள்ள பூட்ஸு சத்தம். எல்லாரும் தரையப் பாத்து உக்காருன்னு யாரோ சொல்றான், பேரு கூப்புட்டவன் மட்டும் எந்திரின்னு இன்னொருத்தன். அப்பறம் பேரு கூப்புட்டாங்க. கூப்புட்டது போலீசு, ஆனா பெரட்டுக் களத்துல விடியக்கால பேரு கூப்புட்டா தோட்டத்துச் சனத்துக்கு வாயில ஒண்ணுதான் வரும். சடையன், இருக்கேன். லெச்சாயி, இருக்கேங்க. ராக்கப்பன், இருக்கேன். சன்னாசி. பனிக்குள்ள இருந்து சன்னாசியோட கொரலு எந்திரிச்சுச்சு, மூக்கால இழுத்து, கடைசில ஒரு கேலியோட, இருக்கேஏஏன். நல்லாப் பண்றான்டான்னு மொதல்ல தோணுச்சு இவருக்கு. அதுதான் இன்னும் விட்டபாடில்ல. மொதத் தோணல் அதுதான், என்னைய விட நல்லாப் பண்றான்னு.

அதுக்குப் பெறகு நேரம் இருந்துச்சு. அதுல பொய் சொல்ல முடியாது. நாலு பேரையும் ஸ்டோருக்கு, அதான் தேயில அரைக்கிற எடத்துக்கு, அதுக்குப் பின்னாடி நடத்திக் கூட்டிப் போனாங்க, அவ்வளவு நேரம் இருந்துச்சு. எந்திரிச்சு அய்யா அது நான் இல்ல, சன்னாசி இங்க இருக்கேன்னு ஒரு வார்த்த. தொர கொரல்ல ஒரு அதட்டுப் போட்டிருக்கலாம், நிறுத்துங்கடான்னு, சங்கிலிக்காரனுக எறங்குனாப்ல இவனுகளும் எறங்கியிருப்பானுக, யாரு கண்டா. ஊரு கொரலெல்லாம் வச்சிருந்த வாயி, அன்னைக்கு தங் கொரலக் கூடத் தரல. கையில ஒரு தேயிலக் கெளைய இறுக்கிப் புடிச்சிருந்தான், எலைய ஒண்ணொண்ணா உருவிக்கிட்டு இருந்தான், கெள மொட்டையானதும் சத்தம் கேட்டுச்சு. நாலு. எண்ணுனான், நாலு. ஒடம்பக் கூட யாரு கண்ணுலயும் காட்டல, அங்கயே எரிச்சுட்டாங்க, கணக்கப்புள்ள செத்தவங்க பேர வழக்கம்போல ரிஜிஸ்தர்ல இருந்து வெட்டுனாரு, சன்னாசி உள்பட. சன்னாசிக்கு அழுதாங்க. அங்கமுத்துவுக்கு எவனும் அழல, ஓடுனவனுக்கு எதுக்கு அழுகணும். இவன் நாலு நாளு காட்டு வழியா நடந்தான், அஞ்சாவது நாளு ஒரு கடையில ஒனக்கு என்னா பேருன்னு கேட்டாங்க. வாயி சொல்லுச்சு, அங்கமுத்து. பொண்டாட்டியக் கூட்டியாந்தது அங்கமுத்து, ரெண்டு பொட்டப்புள்ளைக்கு அப்பன் அங்கமுத்து, ஓட்டுப் போட்டது அங்கமுத்து, பொண்டாட்டி சாகும்போது அங்கமுத்து கையத்தான் புடிச்சா. இப்பப் போயி மாத்திச் சொன்னா அந்த அட்ட என்னாகும், புள்ளைங்க பொறப்புப் பத்திரம் என்னாகும், முக்குல நிக்கிற அந்தப் பயலு போன வச்சுட்டு காயிதத்த எடுப்பானா. எடுக்க மாட்டான். எடுப்பான். வேர்வ காதுக்குப் பின்னாடி ஓடுது, மலக் காத்து அதத் தொட்டுத் தொட்டுக் குளுத்துது.

டீச்சரு மைக்கப் புடிச்சுச்சு. பெரட்டுல கூப்புடுறாப்ல நாலு பேரையும் கூப்புடுவோம், நாம எல்லாரும் எந்திரிச்சு இருக்கோம்னு சொல்லணும்னுச்சு. யாரு குடுத்த யோசனையோ. சடையன். இருக்கோம்னு சனம் சொல்லுச்சு, மலையில பட்டுத் திரும்ப வந்துச்சு. லெச்சாயி. இருக்கோம். சனம் எந்திரிச்சு நிக்கிது, இவரு மட்டும் ஒக்காந்திருக்காரு, முட்டி வேல செய்யல, அதே வியாதி. ராக்கப்பன். இருக்கோம். கையில சாமந்திய உருவிக்கிட்டு இருக்காரு, எதழ் எதழா, எப்ப ஆரம்பிச்சாருன்னு தெரியல, பாதி மொட்ட. மொட்டையானா சத்தம் கேக்கும். மொட்டையாகுறதுக்குள்ள. சன்னாசின்னு மைக்குல வந்துச்சு. இருக்கோம்னு சனம் முடிச்சு, மலையும் முடிச்சு, அதுக்குப் பெறகு, ஒரு மூச்சு பிந்தி, பந்தலுக்குள்ள ஒத்தக் கொரல் ஒண்ணு, மூக்கால இழுத்து, ஆனா கேலி இல்லாம, "இருக்கேன்"னுச்சு. அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு. எப்ப எந்திரிச்சாருன்னு அவருக்கே தெரியாது.

மொத வரிசையில பொடனி திரும்புச்சு. பூ விழுந்த கண்ணு இந்த வாட்டி பக்கத்துல நிக்கல, ஆளு மேலயே நின்னுச்சு, காதால பாக்குற கண்ணு. டீச்சரு மைக்கக் கீழ எறக்கிருச்சு. காத்தாயி நாக்காலி நாக்காலியாப் புடிச்சு நகந்து வந்து இவரு மொகத்துக்கிட்ட நின்னுச்சு, வெத்தல மணம் அடிக்கிது. அடிக்கப் போகுதுன்னு கண்ண மூடிக்கிட்டாரு. மூடிக்கிட்டே சொன்னாரு, தரையப் பாத்து, தட்டுத் தடுமாறி, சன்னாசி நாந்தான் தங்கச்சி, கல்லுல இருக்குறது ஒம் புருசன், எம் பேருக்கு இருக்கேன்னு சொன்னது அவன், நான் மேல தேயிலைக்குள்ள ஒக்காந்துக்கிட்டு இருந்தேன், எந்திரிக்கலன்னு. அடி விழல. "அன்னைக்கு அது என்னா சட்ட போட்டிருந்துச்சு"ன்னு கேட்டுச்சு. கொரல் ரொம்ப சின்னதா இருந்துச்சு.

"எஞ் சட்ட. மஞ்ச. முதுகுல செவப்பு ஒட்டு."

காத்தாயி தலைய ஆட்டுச்சு, ரொம்ப நேரம் ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. நீலக் கோடு போட்ட கல்யாணச் சட்ட ஆணியிலயே தொங்குச்சு, ஓடுறவன் இருக்குற ஒரு நல்ல சட்டைய விட்டுட்டா ஓடுவான்னு மொத வருசம் கேட்டுக்கிட்டே இருந்தேன், கேக்க ஆளு இல்ல, அப்பறம் விட்டுட்டேன்னு அது கல்லப் பாத்துச் சொல்லுச்சு, இவர்ட்டச் சொன்னாப்ல இல்ல. பெறகு திரும்பி, நீ எந்திரிச்சிருந்தா அது பொழச்சிருக்குமான்னு கேட்டுச்சு. இவரு தெரியாதுன்னு சொல்லப் பாத்தாரு, வாயி வேற சொல்லிருச்சு, "பொழச்சிருக்கும்"னு. "ஆமா"ன்னுச்சு. மன்னிக்கல. அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லங்குறாப்ல டீச்சர் பக்கம் கைய நீட்டுச்சு. ஏ புள்ள, எங்க வீட்டுக்காரரு பேரு நான் சொல்லக் கூடாது, நீ நோட்டுல எழுதியிருக்கேல்ல, இந்த மனுசன் குடுத்த பேரு, அதக் கூப்புடு, அஞ்சாவதாக் கூப்புடுன்னு சொல்லுச்சு. முக்குல இருந்து போலீஸ்காரன் மேட்டப் பாத்து நடந்து வர்றான், என்னா அமைதியாப் போச்சுன்னு பாக்க. அவன் பூட்ஸு சிமிந்தி வழியில டக்கு டக்குன்னுது. ஓடுன்னுது காலு, கை தன்னால பையிக்குள்ள போயி அட்டைய அமுக்குது. டீச்சரு நோட்டப் பொரட்டுச்சு, மைக்கத் தூக்குச்சு.

"அங்கமுத்து."

நாப்பத்தாறு வருசப் பழக்கம், பாழாப் போன வாயி தெறந்துருச்சு, நாக்கு எந்திரிச்சுருச்சு, இருக்கேன்னு சொல்ல. சொல்றதுக்குள்ள காய்ச்சுப் போன உள்ளங்கை ஒண்ணு வந்து அந்த வாய அப்பிடியே பொத்துச்சு. "நீ சும்மா இரு அண்ணே"ன்னுச்சு காத்தாயி. பொத்துன கைய எடுக்காமலே கல்லு பக்கம் திரும்பி, தோட்டத்துக்கே கேக்குறாப்ல சொல்லுச்சு.

"இருக்காரு."